சிறப்புக் கவனம் வேண்டும் பிள்ளைகள்: ஆறு வயதுக்குள் எங்கே சேர்ப்பது?



நமது அறக்கட்டளைக்கு வரும் கல்வி உதவி மனுக்களை மாதத்தின் முதல் ஞாயிறு அஸருக்குப் பிறகு பார்ப்பது வழக்கம். சென்ற ஆண்டு ஷஃபான் மாதம் ஒரு சகோதரி தம் மகனோடு வந்திருந்தார். பையனுக்கு ஐந்து வயது ஆகப்போகிறது. யூ.கே.ஜி. கட்டணத்துக்கு உதவி கேட்டு மனு. "தம்பி, பேரு என்ன?" என்று கேட்டேன். அவன் ஜன்னல் கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னும் பேச்சு வரலை மாமா. ஆனா ரொம்ப நல்ல பிள்ளை. ஒரு தொந்தரவும் இல்லைன்னு மிஸ் சொல்றாங்க" என்றார் தாய்.

கோப்பைப் புரட்டினேன். ப்ரீ.கே.ஜி.க்கும் எல்.கே.ஜி.க்கும் நமது பைத்துல்மாலிலிருந்து பணம் கொடுத்திருக்கிறோம். இரண்டு மனுக்களிலும் என் கையெழுத்து இருந்தது. அந்த இரண்டு ஆண்டுகளும் பிள்ளை கடைசி வரிசையில் சுவரோரமாக உட்கார்ந்து எழுந்து வந்திருக்கிறான். அழவில்லை, ஓடவில்லை. அதனால் யாரும் அவனைக் கவனிக்கவில்லை. பள்ளியைக் குறை சொல்லி என் பங்கை மறைக்க எனக்கு மனமில்லை. நான் ரசீதைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டேன்; பிள்ளையைப் பார்க்கவில்லை. பைத்துல்மால் பணம் அமானிதம். ஒரு பிள்ளையின் மூன்று வயதும் நான்கு வயதும் அதைவிடப் பெரிய அமானிதம். பணத்தைத் திரும்பச் சேர்த்துவிடலாம். போன வயதைச் சேர்க்க முடியாது.

அதன் பிறகு அங்கன்வாடி, அரசு மருத்துவமனை, கலெக்டர் அலுவலகம், வட்டார வள மையம் என்று அலைந்து தெரிந்துகொண்டதை இங்கே பாடமாக எழுதுகிறேன். நம் வீட்டில் இப்படி ஒரு பிள்ளை இல்லாவிட்டாலும் படித்து வையுங்கள். பக்கத்து வீட்டில் இருக்கும்.

காத்திருப்பது சரியா?

"அவங்க அத்தாவும் நாலு வயசுலதான் பேசினார்." "ஆம்பளைப் பிள்ளை மெதுவாத்தான் பேசும்." நம் வீடுகளில் நன்னிமார்கள் இப்படிச் சொல்லி ஆறுதல் தருவார்கள். சில பிள்ளைகள் விஷயத்தில் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் எந்தப் பிள்ளை தானாகப் பேசும், எந்தப் பிள்ளைக்குப் பயிற்சி தேவை என்று வீட்டில் உட்கார்ந்து சொல்ல நம்மால் முடியாது. காது கேட்காத பிள்ளையும் அமைதியாகத்தான் இருக்கும்.

ஒரு வயதில் பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப வேண்டும். ஒன்றரை வயதில் நடக்க வேண்டும், சில சொற்களாவது சொல்ல வேண்டும், வேண்டியதை விரலால் சுட்டிக் காட்ட வேண்டும். இரண்டு வயதில் 'பால் தா', 'அம்மா வா' என்று இரண்டு சொற்களைச் சேர்த்துப் பேச வேண்டும். முன்பு பேசிக்கொண்டிருந்த பிள்ளை பேச்சை நிறுத்திவிட்டால் ஒரு வாரம்கூடத் தள்ளிப்போடக் கூடாது. இவற்றில் ஒன்று குறைந்தாலே பிள்ளைக்குக் குறைபாடு என்று முடிவு கட்டிவிட வேண்டாம். டாக்டரிடம் காட்ட வேண்டிய நேரம் வந்துவிட்டது, அவ்வளவுதான்.

ஓதிப் பார்ப்பதை யாரும் தடுக்கவில்லை. ஓதி ஊதிய கையோடு ஆஸ்பத்திரிக்கும் கூட்டிக்கொண்டு போங்கள்.

அவசரம் ஏன் என்றால், மொழியும் நடையும் பிறரோடு பழகும் பழக்கமும் முதல் ஆறு வயதில்தான் வேகமாகப் படிகின்றன. அதே பயிற்சியை எட்டு வயதில் கொடுத்தாலும் பலன் உண்டு. ஆனால் உழைப்பு அதிகம், பலன் குறைவு.

இன்னொரு காரணமும் உண்டு. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் வந்தது. நாற்பது சதவீதமோ அதற்கு மேலோ பாதிப்புள்ள பிள்ளைக்கு அருகிலுள்ள பள்ளியிலோ சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி பெறும் உரிமையை அந்தச் சட்டம் தருகிறது. அந்த உரிமை ஆறு வயது முதல் பதினெட்டு வயது வரைக்கும்தான். கல்வி உரிமைச் சட்டமும் ஆறு வயதில் தொடங்கி பதினான்கு வயதில் முடிகிறது. பிள்ளைக்குப் பயிற்சி அதிகம் பலிக்கும் வயதில் சட்டம் தானாக வீட்டுக் கதவைத் தட்டுவதில்லை. நாம்தான் போய்த் தட்ட வேண்டியிருக்கிறது.

அரசுத் தரப்பில் என்னென்ன இருக்கின்றன?

முதலாவது, அங்கன்வாடி. நம் மக்கள் பால்வாடி என்பார்கள். 1975ஆம் ஆண்டு அக்டோபர் 2 அன்று தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டத்தின் கீழ் நடப்பது. சத்துணவு, தடுப்பூசி, உடல்நலப் பரிசோதனை, தேவைப்பட்டால் மருத்துவமனைக்கு அனுப்பி வைத்தல், முன்பருவக் கல்வி எல்லாம் இதில் அடக்கம். சிறப்புக் கவனம் தேவைப்படும் பிள்ளைகளை அங்கன்வாடியில் எப்படி அடையாளம் காண்பது, எப்படிச் சேர்த்துக்கொள்வது என்பதற்கான வழிமுறையை மத்திய அரசு 2023 நவம்பரில் வெளியிட்டிருக்கிறது. ஆகவே, "இந்த மாதிரிப் பிள்ளை இங்கே வேண்டாம்" என்று சொல்ல இடமில்லை. சேர்ப்பதற்கு மாற்றுத்திறனாளிச் சான்றும் தேவையில்லை. உணவைப் பற்றிச் சிலருக்குத் தயக்கம் உண்டு. அங்கே தருவது சாதம், பருப்பு, காய்கறி, முட்டை, இறைச்சி கிடையாது.

இரண்டாவது, நடமாடும் மருத்துவக் குழு. 2013இல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்த்ய கார்யக்ரம் என்ற திட்டத்தில் டாக்டர் அடங்கிய குழு ஆண்டுக்கு இரண்டு முறை அங்கன்வாடிக்கு வந்து பிள்ளைகளைப் பார்க்க வேண்டும். பிறவிக் குறைபாடு, நோய், சத்துக்குறைவு, வளர்ச்சித் தாமதம் என்று நான்கு வகைகளில் பரிசோதிப்பார்கள். அங்கன்வாடியில் பேர் பதிந்த பிள்ளைக்குத்தான் இது தானாகக் கிடைக்கும். வீட்டுக்குள்ளேயே இருக்கும் பிள்ளை இந்தக் குழுவின் கண்ணில் படாது.

மூன்றாவது, அந்தக் குழு அனுப்பி வைக்கும் இடமான மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு மையம். மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ இருக்கும். அங்கே போய் 'டி.இ.ஐ.சி. எங்கே' என்று கேட்டால் காட்டுவார்கள். குழந்தை நல மருத்துவர், பேச்சுப் பயிற்சியாளர், பிசியோதெரபிஸ்ட் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் இருக்க வேண்டும் என்பது இதன் அமைப்பு. செலவில்லை.

நான்காவது, மாற்றுத்திறனாளிகள் நலத்துறையின் உதவியோடு தொண்டு நிறுவனங்கள் நடத்தும் ஆரம்ப நிலைப் பயிற்சி மையங்கள். காது கேளாமை, பார்வைக் குறைவு, அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம் என்று பிரிவு பிரிவாக இருக்கும். எந்த மாவட்டத்தில் எது இருக்கிறது என்பதை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். பல வகைக் குறைபாடு சேர்ந்திருக்கும் பிள்ளைக்கு, சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் மத்திய அரசின் தேசிய நிறுவனம் இருக்கிறது. ஒருமுறை போய் முழுப் பரிசோதனை செய்துகொண்டு வந்தால், உள்ளூர்ப் பயிற்சிக்கு வழி தெரியும்.

ஐந்தாவது, எல்.கே.ஜி., யூ.கே.ஜி. வகுப்புகள். அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் உள்ள 2,381 அங்கன்வாடிகளில் 2019இல் இவை தொடங்கப்பட்டன. ஒன்றாம் வகுப்புக்கு அதே வளாகத்தில் போய்விடலாம் என்பது இதிலுள்ள வசதி. ஒவ்வொரு ஒன்றியத்திலும் உள்ள வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர்களும் பிசியோதெரபிஸ்டும் இருப்பார்கள். பிள்ளையின் பேரை அங்கேயும் பதிந்துவிடுங்கள்.

தனியார் பள்ளியில் 25 சதவீத இடம் பற்றியும் கேட்கிறார்கள். கல்வி உரிமைச் சட்டத்தில் 2012இல் செய்த திருத்தத்தால் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளும் அந்த ஒதுக்கீட்டுக்கு உரியவர்கள் ஆனார்கள். ஆனால் சிறுபான்மைப் பள்ளிகளுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்று 2014இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. 'நம்ம ஸ்கூல்தானே' என்று அந்த ஒதுக்கீட்டை அங்கே போய்க் கேட்டு ஏமாற வேண்டாம்.

எந்தப் பிள்ளைக்கு எது?

'அங்கன்வாடியா, சிறப்புப் பயிற்சி மையமா?' என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். பெரும்பாலான பிள்ளைகளுக்கு இரண்டும் வேண்டும். பயிற்சி மையத்தில் ஒரு சொல்லைக் கற்றுக்கொடுப்பார்கள். அந்தச் சொல்லைப் பயன்படுத்த வேண்டிய தேவை மற்றப் பிள்ளைகளோடு இருக்கும்போதுதான் வருகிறது. பந்து இன்னொரு பிள்ளையின் கையில் இருந்தால்தானே 'தா' என்று கேட்கத் தோன்றும்? வாரத்தில் இரண்டு மூன்று நாள் பயிற்சி மையம், மற்ற நாட்களில் வீட்டுக்கு அருகிலுள்ள அங்கன்வாடி என்று பிரித்துக்கொள்ளலாம். இரண்டு இடத்திலும் முதல் நாளே இதைச் சொல்லிவிட வேண்டும்.

ஆனாலும் எல்லாப் பிள்ளைக்கும் ஒரே கணக்கு இல்லை.

காது கேளாத பிள்ளைக்கு முதலில் மொழி வேண்டும். கருவியோ, காக்ளியர் இம்ப்ளாண்டோ, சைகை மொழியோ, ஏதோ ஒரு வழியில் மொழி உள்ளே போகத் தொடங்க வேண்டும். அதுவரை சாதாரண அங்கன்வாடியில் மட்டும் உட்கார வைத்தால் பிள்ளைக்குச் சோறு கிடைக்கும், சொல் கிடைக்காது. காக்ளியர் அறுவை சிகிச்சைக்கு அரசின் காப்பீட்டுத் திட்டத்தில் உதவி உண்டு. அதற்கு வயது வரம்பும் உண்டு. இந்தப் பிள்ளைகள் விஷயத்தில் ஒவ்வொரு மாதமும் கணக்கு.

டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைக்கு இதயம், காது, கண், தைராய்டு நான்கையும் பரிசோதித்துவிட்டு அங்கன்வாடிக்கு அனுப்பலாம். பார்த்துப் பழகுவதில் இந்தப் பிள்ளைகள் கெட்டிக்காரர்கள்.

மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைக்கு அறிவில் குறை இருக்க வேண்டும் என்பதில்லை. உட்காரச் சரியான நாற்காலியும், படியில்லாத வாசலும், கழிப்பறைக்குத் தூக்கிக்கொண்டு போக ஆளும் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

ஆட்டிசம் உள்ள பிள்ளைக்குக் கூட்டமும் சத்தமும் சிரமம். குறைவான பிள்ளைகள் உள்ள இடத்தில் முதல் வாரம் அரை மணி நேரம், அடுத்த வாரம் ஒரு மணி நேரம் என்று கூட்டிக்கொண்டு போகலாம். தினமும் ஒரே வரிசையில் வேலைகள் நடக்கும் இடமாக இருந்தால் நல்லது.

சேர்ப்பதற்கு முன் கேட்க வேண்டியவை

போர்டையும் சுவரில் வரைந்த படங்களையும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். இரண்டு தடவை போங்கள். ஒரு தடவை சொல்லிவிட்டு, ஒரு தடவை சொல்லாமல். தாயும் தகப்பனும் சேர்ந்து போவது நல்லது. வெளிநாட்டில் இருக்கும் அத்தா, வீட்டிலுள்ள பெரியவர் ஒருவரைக் கூட அனுப்பட்டும்.

ஒன்று: காலையில் வந்ததிலிருந்து மதியம் வரை என் பிள்ளை என்ன செய்யும்? 'எல்லோரோடும் இருக்கும்' என்பது பதில் ஆகாது.

இரண்டு: கழிப்பறைக்கு யார் கூட்டிப் போவார்கள்? சொல்லத் தெரியாத பிள்ளைக்கு என்ன அடையாளம் வைத்துக்கொள்ளலாம்?

மூன்று: சாப்பிடும்போது புரையேறும் பிள்ளை என்றால், சாதத்தை மசித்துக் கொடுக்க ஆள் உண்டா?

நான்கு: வெளியே ஓடிவிடும் பிள்ளை என்றால், வாசலுக்குக் கதவு உண்டா? பக்கத்தில் குளமோ, கிணறோ, ரோடோ இருக்கிறதா?

ஐந்து: அடித்தாலோ, பிற பிள்ளைகள் கேலி செய்தாலோ எனக்கு எப்படித் தெரியும்?

ஆறு: அடுத்த மூன்று மாதத்தில் பிள்ளை எந்த ஒரு விஷயத்தைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று நாம் சேர்ந்து வைத்துக்கொள்ளலாம்? தானாக டம்ளரில் குடிப்பது, பேர் சொன்னால் திரும்புவது, வரிசையில் நிற்பது என்று ஏதாவது ஒன்று போதும்.

ஏழு: ஆறு வயதானதும் இங்கிருந்து எங்கே போகும்?

கேட்டுவிட்டு ஒரு மூலையில் அரை மணி நேரம் உட்காருங்கள். பிள்ளைகளைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறார்களா என்று கவனியுங்கள். உங்கள் பிள்ளை எங்கே உட்கார வைக்கப்படுகிறான் என்று பாருங்கள். சுவரோரமாக என்றால், அவன் அழவில்லை என்பதற்காக நிம்மதி அடைந்துவிடாதீர்கள்.

ஒரு நியாயத்தையும் சொல்ல வேண்டும். அங்கன்வாடிப் பணியாளர் சிறப்புக் கல்வி படித்தவர் அல்லர். சமையலைக் கவனிப்பது, எடை பார்ப்பது, பதிவேடு எழுதுவது என்று அவருக்கு வேலை ஏராளம். அதிகாரம் காட்டிப் பேசினால் காரியம் கெடும். முதல் சில நாள் தாயும் கூட இருந்து, பிள்ளை எதற்கு அழும், எதற்குச் சிரிக்கும் என்று காட்டிக்கொடுங்கள். பயிற்சி மையத்தில் சொல்லித்தந்ததை ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதிக் கொடுங்கள். அந்த நோட்டு இரண்டு இடத்துக்கும் போய்வரட்டும்.

சேர்க்கவே மறுத்தால், 'எழுதிக் கொடுங்கள்' என்று மரியாதையாகக் கேளுங்கள். அரசு நிதியோ அங்கீகாரமோ பெற்ற எந்தக் கல்வி நிறுவனமும் பாகுபாடு காட்டாமல் மாற்றுத்திறனாளிப் பிள்ளையைச் சேர்க்க வேண்டும் என்கிறது 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 16ஆவது பிரிவு. அங்கன்வாடி என்றால் குழந்தைகள் வளர்ச்சித் திட்ட அலுவலரிடம் மனு கொடுக்கலாம். அங்கேயும் நடக்கவில்லை என்றால் திங்கட்கிழமை கலெக்டர் அலுவலக மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்துக்குப் போகலாம். மனு எழுதித் தர நமது அலுவலகத்தில் ஆள் உண்டு.

சான்றிதழ் என்ற தயக்கம்

அரசு மருத்துவமனை மருத்துவர்கள் பரிசோதித்துச் சான்று தருவார்கள். அதோடு நாடு முழுவதும் செல்லும் தனித்துவ அடையாள அட்டையும் கிடைக்கும். பிறப்புச் சான்று, ஆதார், ரேஷன் கார்டு, போட்டோ எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு வையுங்கள். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு நிராமயா என்ற காப்பீட்டில் ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவுக்குக் கிடைக்கும்; பயிற்சிச் செலவும் அதில் சேரும். சாதாரண நகரப் பேருந்தில் மாற்றுத்திறனாளியும் துணைக்கு ஒருவரும் கட்டணமில்லாமல் போகலாம்.

இத்தனை இருந்தும் நம்மில் பலர் சான்று வாங்குவதில்லை. 'பேர் விழுந்துடும், தங்கச்சி நிக்காஹ் நேரத்துல பேசுவாங்க' என்ற பயம். பேசுகிற ஊர், சான்று இல்லாவிட்டாலும் பேசத்தான் போகிறது. சான்று இல்லாததால் நின்றுபோவது பிள்ளையின் உதவிகள் மட்டும்தான்.

பார்வை இல்லாத அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் ரலியல்லாஹு அன்ஹு அவர்கள் மதீனாப் பள்ளியில் பாங்கு சொன்னவர்கள். நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் வெளியே சென்ற வேளைகளில் மதீனாவின் பொறுப்பையும் ஏற்றவர்கள். அவர்களை யாரும் வீட்டுக்குள் மறைத்து வைக்கவில்லை. நமது மக்தபிலும் இந்தப் பிள்ளைகளுக்கு ஒரு பாய் விரிக்க வேண்டும் என்று ஹஜ்ரத்திடம் கேட்டிருக்கிறோம். சம்மதித்திருக்கிறார்கள்.

அறக்கட்டளையின் புதிய முறை

ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குக் கட்டண உதவி கேட்டு மனு வந்தால் இனி ரசீதை மட்டும் பார்க்க மாட்டோம். நமது மகளிர் குழுவிலிருந்து இருவர் வீட்டுக்கு வந்து பிள்ளையைப் பார்ப்பார்கள். தேவைப்பட்டால் மருத்துவமனைக்கும் அங்கன்வாடிக்கும் கூட வருவார்கள். பயிற்சிக்குப் போய்வரும் ஆட்டோ செலவுக்கும், அதனால் தாய்க்கு நின்றுபோகும் கூலிக்கும் உதவி கேட்கலாம். பள்ளிக் கட்டணத்தைவிட இந்த உதவிதான் பல வீடுகளில் தேவைப்படுகிறது என்பதை இந்த ஓராண்டில் கண்டுகொண்டோம்.

அந்தப் பையனுக்கு இப்போது ஆறு வயது. பரிசோதனையில் ஆட்டிசம் என்றார்கள். வாரம் மூன்று நாள் பயிற்சி மையம், மற்ற நாட்களில் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி அங்கன்வாடி என்று போய்வந்தான். வருகிற ஜூனில் அரசுப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு, இன்ஷா அல்லாஹ். பேச்சு இன்னும் வரவில்லை. ஆனால் தாகம் எடுத்தால் டம்ளரைக் கொண்டுவந்து தாயின் கையில் வைக்கிறான். முன்பு தாகத்துக்கும் அழுவான், பசிக்கும் அழுவான், எது எது என்று அவருக்குத் தெரியாது. "மூணு வயசுலேயே போயிருக்கலாம் மாமா" என்றார் அந்தச் சகோதரி. என்னிடம் பதில் இல்லை.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ மூன்று வயதில் ஒரு பிள்ளை இருந்தால், அடுத்த ஞாயிறு அஸருக்குப் பிறகு கூட்டிக்கொண்டு வாருங்கள். மனு வேண்டாம். பிள்ளை வந்தால் போதும்.

வஸ்ஸலாம்.
செயலாளர்